மூன்றாவது அழுத்து

டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக் கருப்பட்டிக் காப்பியை ஊதிக்கொண்டிருந்தபோது, ஊர்க்காவலனின் தொடையிடுக்கில் இருந்த குமிழை யாரோ ஒரு தடவை அழுத்தினார்கள்.

அவர் அசையாமல் உட்கார்ந்தார். வீட்டில் வேறு ஆள் என்றால் அவர் மனைவி சொர்ணலட்சுமி மட்டும்தான். அவள் அடுப்பின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அழுத்துவதற்குச் சற்று முன்னால் இரும்பு பீரோவில் உள்ளங்கையால் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு கேட்டதும், கந்தக வாடை மெல்ல வந்து போனதும் இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மதுரையில் புராஸ்டேட்டை அறுத்தெடுத்த நாள் முதல் ஒன்றரை வருடம் மூத்திரம் அவர் சொல்பேச்சு கேட்கவில்லை. இருமினால் ஒழுகும், குனிந்தால் ஒழுகும். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருடம் அதிகாரம் செய்த போர்மேன், வேட்டிக்குள் பிள்ளைத்துணி கட்டிக்கொண்டு அலைந்ததை மனைவி தவிர ஒரு ஈ காக்காய்க்கும் தெரியவிடவில்லை. ஆறு மாதத்துக்கு முன்புதான் உள்ளே கருவி வைத்தார்கள். மூத்திரக் குழாயைச் சுற்றி ஒரு வளையம், அடிவயிற்றில் தண்ணீர் நிறைந்த பலூன், விதைப்பைக்குள் நெல்லிக்காய் போல ஒரு குமிழ். மூன்று தடவை அழுத்தினால் வளையம் திறக்கும். மூன்று நிமிடத்தில் தானாக மூடிக்கொள்ளும். உங்கள் விரலைத் தவிர இதற்கு வேறு எஜமான் கிடையாது என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இங்கேருங்க," என்றாள் சொர்ணலட்சுமி, திரும்பாமலே. "நேத்தும் சின்னத்தாய் வந்துட்டுப் போனா. அவ புருசன் பீடியே தொட மாட்டான்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்? ஒரு வார்த்தை சொல்லீட்டா அவ தலைநிமுந்து நடப்பாள்ல."

இதையேதான் அவள் சற்று முன்னாலும் கேட்டிருந்தாள். எனக்கென்ன தெரியும் என்று அவர் சொல்லி முடித்த பிறகுதான் அந்தத் தட்டல் கேட்டது. இந்தத் தடவை அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கம்பெனி வேனுக்குப் புறப்பட்டார்.

கருவி வைத்த ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் முதல் நாள் வேலை. விடியலின் மங்கலில் கருவேலங்காடு பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. சின்னத்தாய் முன் இருக்கையில் இருந்தாள். அவள் புருசன் செல்லப்பாண்டி பட்டாசு மருந்து கலக்குகிற ஆள். போன வருடம் கலவை அறை வெடித்தபோது அதோடு போய்விட்டான். மடியில் பீடியும் தீப்பெட்டியும் வைத்துக்கொண்டு உள்ளே போனதால் வந்த வினை என்று விசாரணைக்கு வந்தவர்களிடம் சொன்னவர் ஊர்க்காவலன்தான். அன்றிலிருந்து ஊர் அவளைக் கம்பெனியைக் கொளுத்தியவன் பெண்டாட்டி என்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அண்ணாச்சி, உடம்பு சவுகரியமா இருக்கா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களைப் பெரிய விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காகளாம்ல. அங்கனயாவது நெசத்தைச் சொல்வீகளா?" என்றாள்.

ஊர்க்காவலன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேனின் தகரத்தில், வெளியிலிருந்து, அவர் காதுக்கு நேராக இரண்டு தட்டு விழுந்தது. வேன் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாரும் இல்லை. குமிழ் மறுபடியும் அமுங்கியது, நிதானமாக, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அமுக்குகிற மாதிரி.

இரண்டாவது. அவர் தொடைகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்தத் தட்டல் அவருக்குத் தெரியும். கலவை அறை வாசலில் செப்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே போகவேண்டும். மற்றவர்கள் சும்மா தொடுவார்கள். செல்லப்பாண்டி மட்டும் இரண்டு தட்டு தட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்வான், கோயில் படியைத் தொட்ட மாதிரி.

போன வருடம் அந்த அறையில் ஊர்க்காவலன் எடை பார்க்கக் குனிந்தபோது பிள்ளைத்துணி நனைந்து வழிந்து அலுமினியப் பொடி கலந்த மருந்தில் சொட்டியது. ஈரம் பட்ட மருந்து உள்ளுக்குள்ளேயே சூடேறும், பிறகு நேரம் பார்த்துத் தீப்பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியாததா? ஒரு குரல் கொடுத்திருந்தால் மணலைப் போட்டு அள்ளி வெளியே கொட்டியிருப்பார்கள். வெட்கம். காய்ந்த பொடியை மேலே தூவி மூடிவிட்டு வெளியே வந்தார். வாசலில் செல்லப்பாண்டி இரண்டு தட்டு தட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனான்.

வேன் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. வெயில் ஏறுவதற்குள் கலவையை முடித்துவிட வேண்டும். கலக்குகிறவன் வரவில்லை என்றார்கள். வேறு வழியில்லாமல் அவரே வேலையில் இறங்கினார். செப்புத் தகட்டைத் தொட்டார். புதிய அறை, புதிய சுண்ணாம்பு வாடை. நெருப்புப் பிடித்தால் எந்தப் பக்கமும் ஓடுவதற்கு வசதியாக நான்கு வாசல். விரித்த தாளில் பொடியைக் கொட்டிக் காலை அகட்டிக் குந்தினார். சல்லடை அசைகிற சரசரப்பைத் தவிர வேறு சத்தமில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. சின்னத்தாய்தான். மருந்துத் தட்டு எடுத்துப்போக வந்திருந்தாள்.

"அண்ணாச்சி," என்றாள். "அவரு மடியில பீடி இருந்துச்சா?"

அவள் கண்களைப் பார்த்தபோது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. சொன்னால் இந்த வயதில் வேட்டி நனைந்த கதையையும் சொல்லவேண்டும்.

"இருந்துச்சு," என்றார். "என் கண்ணால பாத்தேன்."

அவள் தட்டை எடுக்காமல் வெறுங்கையோடு வேப்பமரத்துப் பக்கம் நடந்தாள். வெகுதூரம் போகும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்புத் தகட்டில் இரண்டு தட்டு.

கந்தக வாடை. பக்கத்தில். காதோரம் மூச்சு.

மூன்றாவது அழுத்து.

வளையம் திறந்தது. அவரால் நிறுத்த முடியவில்லை. சூடாக, தாராளமாக, ஆறு மாதம் அடக்கிவைத்தது மொத்தமும் இறங்குகிற மாதிரி, பொடியின் நடுவில் விழுந்தது. மூன்று நிமிடம். வேட்டியில், குமிழ் இருக்கும் இடத்தில், அலுமினியப் பொடி ஒட்டிய மூன்று விரல்தடம் வெள்ளியாக மினுங்கியது.

பொடி மெல்லச் சீறத் தொடங்கியது.

எழுந்து முன்வாசலுக்கு ஓடினார். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு நிழல். பின்வாசலுக்குத் திரும்பினார். அங்கே தகடு இல்லை. ஆனாலும் இரண்டு தட்டு. இடது வாசல். இரண்டு தட்டு. வலது வாசல்.

நான்கு வாசலிலும் அவன் நின்றான். நான்கு வாசலிலும் வெள்ளி படிந்த கையை எடுத்து, கண் இருந்த இடத்தில் ஒற்றிக்கொண்டான். பிறகு, வேலைக்கு வந்தவன் போல, உள்ளே காலெடுத்து வைத்தான்.