சனிக்கிழமை வந்த வெண்ணெய்ப்பழம்

வெண்ணெய்ப்பழம் சனிக்கிழமை வந்தது. அதுதான் முதல் உறுத்தல்.

சிறையில் இருந்த கியோமாரும், பக்கத்து அறையில் அடைபட்டிருந்த அவள் தங்கை வியோலாந்தேயும் பழக்கொட்டையில் ஊசியால் கீறி, அதைப் பழத்துக்குள்ளேயே பதித்து, மாதக்கணக்காகக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை மட்டும் வியோலாந்தே ஊசியைத் தொடமாட்டாள். சனியில் ஓய்வு, சாவு விழுந்தால் பானைத் தண்ணீரையெல்லாம் கொட்டிவிடுவது, இப்படி யூத வழக்கங்களை மறைவாகக் காத்ததற்குத்தான் மெக்சிகோவின் கத்தோலிக்க மத விசாரணை மன்றம் இருவரையும் பிடித்துப் போட்டிருந்தது.

கியோமார் கொட்டையை வெளிச்சத்தில் திருப்பினாள். கோணல் எழுத்து.

"அம்மா, என்னையும் பிடிச்சிட்டாங்க. சித்திகூட இருக்கேன். காய்ச்சல் கொதிக்குது. சுவத்தத் தட்டேன்."

கியோமாருக்குச் சிரிப்பு வந்தது. மகள் இனெஸ் புவெப்லா ஊரில் சலவைக்காரி வீட்டில் பத்திரமாக இருக்கிறாள். பிள்ளையே இல்லை என்று மன்றத்தில் சத்தியம் செய்திருக்கிறாள் இவள். ஒருமுறை தட்டினால் போதும், மகள் உண்டென்று தெரிந்து தேடிக் கிளம்பிவிடுவார்கள். எங்களைப் பிடிக்க வந்த மேதாவிகளுக்கு எங்கள் கிழமைகூடத் தெரியவில்லை!

காவலாள் மெல்ச்சோர் தட்டை எடுக்க வந்தான்.

"பழம் ருசிச்சுதா, அம்மணி?"

"உங்க பாதிரியாருக்குக் கொழந்தை கையெழுத்து நல்லா வருதுன்னு சொல்லு."

"என்ன ஒளர்ற?"

"நடிக்காத. பன்னிக்கறி தின்னு மூளையும் கொழுத்துப்போச்சு ஒனக்கு."

"இருக்கட்டும். பன்னி வெளிய நிக்குது. நீதான் பட்டியில கெடக்க."

அவன் போனதும் தட்டல் தொடங்கியது. ஊறிப்போன சுண்ணாம்புச் சுவரின் வாடைக்கும் புளித்த சோளக்கஞ்சி நாற்றத்துக்கும் நடுவே, கூரையில் புறாக்கள் முனகுவதையும் கோயில் மணியையும் தாண்டி, சின்ன விரல்முட்டிகள் போல ஒரு சத்தம், நின்று, மூச்சு வாங்கி, மறுபடி வந்தது.

"தட்டுங்கடா, தட்டுங்க," என்று முணுமுணுத்தாள். காதைப் பொத்திக்கொண்டாள்.

சத்தம் மெலிந்தது. நீண்ட இடைவெளி. பிறகு ஒன்று.

பிறகு இல்லை.

பழக்கத்தில் அவள் கை மடியில் வந்து கிடந்தது, ஊசி பிடிப்பதுபோல விரல்கள் குவிந்து. வீட்டில் இருந்தபோது வேலைக்காரிகள் கண்ணுக்காக ஒவ்வொரு சனியும் அப்படித்தான் உட்காருவாள்; மடியில் துணி, விரலில் ஊசி, ஒரு தையல்கூடப் போடாமல். காலடியில் இனெஸ், பார்த்தபடி.

பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயது ஆகும்வரை வீட்டு ரகசியத்தைச் சொல்வதில்லை. எங்கேயாவது உளறிவிடுவார்கள். இனெஸுக்கு எட்டு; சனியில் ஊசியைத் தொடக்கூடாதென்று அவளுக்குத் தெரியாது.

வியோலாந்தே இன்று எழுதமாட்டாள். அதனால்தான் அந்தக் கோணல் எழுத்து.

கியோமார் இரு கைகளாலும் சுவரை அறைந்தாள்.

"இனெஸ்! அம்மா இருக்கேன்டி! இங்கதான் இருக்கேன்!"



அந்தப் பக்கம் பானை உரசியது. யாரோ அதை மெல்லச் சாய்த்தார்கள்.

சுவரடி எலிவளையிலிருந்து தண்ணீர் வந்தது. மெல்லிய நாக்காக நீண்டு, தரையின் தூசியை நனைத்து, அவள் வெறுங்காலைத் தொட்டது. விரல்களுக்கிடையே புகுந்தது. இன்னும் வந்துகொண்டிருந்தது.