காஸ்தோ கேட்ட கிளை

மே மாத வெயில் மண்டையைப் பிளக்கிறது. வீட்டுக்குள்ளே மழை பெய்கிற சத்தம்.

எலாதியோ பூண்டு சூப்பில் கரண்டியை அப்படியே விட்டுவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். மழையில்லை. ஓக் மரங்களில் பச்சை விட்டில்பூச்சியின் புழு ஏறுகிற வருஷமெல்லாம், அது இலையைச் சுருட்டி நூலால் தைத்து உள்ளே கிடந்து தின்று, தின்றதை எச்சமாக உதிர்க்கும். மரத்தடியில் நின்றால் தூறல் மாதிரியே பொலபொலவென்று கேட்கும். ஆனால் மரங்கள் பன்றிப்பட்டிக்கு அப்பால். சத்தம் தம்பியின் அறையிலிருந்து.

கிளை கழிக்கக் கவாத்துக்கு மரமேறி விழுந்ததிலிருந்து தம்பி காஸ்தோவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. "அண்ணே, ஒரு தடவை மரத்தடிக்குத் தூக்கிட்டுப் போயேன், தளிர் வந்திருக்கும்" என்று ஓயாத நச்சரிப்பு. போன ஞாயிறு எலாதியோ புழு மொய்த்த கிளையை வெட்டிவந்து அவன் மார்மேல் எறிந்தார்.

"இந்தா, உன் மரம். கட்டிக்கிட்டுப் படு."

காஸ்தோ திட்டவில்லை. நிஜமாகவே கட்டிக்கொண்டான். எலாதியோவுக்கு அந்த முகத்தை மறுபடி பார்க்கக் கூசியது. அன்றிலிருந்து ரொட்டித்தட்டைக் கதவிடுக்கில் தள்ளிவிடுவதோடு சரி. தட்டு காலியாகத் திரும்பும்.

ஜன்னலில் பேத்ரா, அடுத்த வீட்டுக்காரி.

"எலாதியோ! தம்பி உயிரோட இருக்கானா, பன்னிக்குப் போட்டுட்டியா?"

"இப்பதான் சாப்பிட்டான்."

"ஒரு எட்டு பாத்துட்டுப் போறேனே. என்னய்யா, பச்சிலை நாத்தம் தூக்குது?"

"தூங்குறான். உன் மூக்க வேற வீட்டுல நுழை."

அவள் போனாள். பொய் நாக்கில் கசந்தது. எழுந்து தம்பியின் அறைக்கு நடந்தார்.

உள்ளே கட்டில் அந்தக் கோடியில். தட்டு கதவோரம்.

யார் எடுத்துத் தின்றது?

கதவைத் திறந்தார். மழை நின்றது.

இருட்டு. உத்தரத்திலிருந்து நூல் நூலாகத் தொங்கி முகத்தில் ஒட்டியது. கிளை மொட்டையாகக் கிடந்தது. கட்டிலில் கம்பளி நீளவாக்கில் சுருண்டு, ஓரமெல்லாம் நூலால் தைக்கப்பட்டிருந்தது.

"காஸ்தோ... என்னை மன்னிச்சிருடா." தொட்டார்.

தொட்டால் புழு பின்பக்கமாக வெளியே வரும். அவருக்குத் தெரியும்.

கால்கள் வந்தன. அசையாத கால்கள். நூலைப் பற்றி மேலே ஏறின. உத்தரத்தில் ஒட்டின. உடம்பு வந்தது. முகம் கடைசியில். தலைகீழாக. அவர் கண்ணுக்கு நேரே. வாயெல்லாம் பச்சை.

"அண்ணே. இலை தீந்துபோச்சு."

எலாதியோ கூசிக் கைகளால் முகத்தை மூடினார்.

விரலிடுக்கில் நூல் ஓடியது. இறுகியது.

கையை எடுக்க முடியவில்லை.

மறுபடி மழை தொடங்கியது. இந்தத் தடவை அவர் காதுக்குள்ளே.