ஆறே முக்காலுக்கு ஏறும் முள்

"அடக் கடவுளே! ஆர் இந்த ஹீற்றரெல்லாத்தையும் போட்டது?"

ஞானேஸ்வரி விறைத்துப்போய் நின்றாள். கையிலிருந்த துடைப்பம் நழுவி விழ, "ஐயோ!" என்று அவளும் தமிழிலேயே கத்திவிட்டாள். சூரிச்சில், இந்த அலுவலகத்தின் நாலாம் மாடியில், விடியுமுன் ஒரு தமிழனா!

"நீங்கள்... தமிழோ?"

"ஓம்..."

கோபமாக வந்த அந்தக் கண்கள் ஒரு 'ஓம்' கேட்டதும் எப்படிக் கனிந்துபோயின! அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் மேசை மேசையாகக் குனிந்து குட்டி ஹீற்றர்களின் வயரைப் பிடுங்கினான். பெயர் பாலேந்திரன். கட்டடத்தைப் பராமரிக்கும் மோசருக்கு உதவியாள்.

"ஆறே முக்காலுக்குக் கட்டடம் முழுக்கக் கரண்டிலை சூடேறும். அந்த நேரம் பார்த்து இதுகளும் எரிஞ்சால் மீற்றர் முள்ளு சிவப்புக் கோட்டைத் தாண்டிடும், பெரிய தண்டம் கட்டவேணும். இந்த மாசம் மூண்டு தரம் தாண்டிட்டுது. இன்னொருக்காத் தாண்டினால் என்னை வேலையாலை நிப்பாட்டிப் போடுவினம். ஆர் போட்டதெண்டு கண்டனீங்களோ?"

"இல்லை... நான் வரேக்கையே எரிஞ்சது."

பச்சைப் பொய்! போட்டது அவளேதான். ஜனவரிக் குளிரில் நடுங்கிக்கொண்டு வேலைக்கு வரும் அலுவலகப் பெண்களைப் பார்க்கப் பாவமாயிருந்தது. துடைக்கும்போதே ஒவ்வொன்றாகப் போட்டுவிடுவாள். மேசைச் சாமான் எதையும் தொடக்கூடாது என்பது துப்புரவுக் கம்பனியின் கட்டளை. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். வேலை போனால் அகதி வழக்கு என்னாகுமோ...

மறுநாள் காலை அவனே மேலே வந்தான். கையில் இரண்டு தேத்தண்ணி.

"நேற்று நான் மற்ற மாடியளுக்குப் போகமுந்தியே தாண்டிட்டுதாம். வெள்ளிக்கிழமையோடை என்ரை கதை சரி." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "போக முந்தி உங்களோடை ஒருக்காக் கதைப்பமெண்டு வந்தன். இனி ஆரோடை தமிழ் கதைப்பியள்?"

அவள் நீட்டிய தேத்தண்ணியை வாங்கவில்லை. "நான்தான் போட்டனான்..."

அவன் முகம் கறுத்தது.

"பேசாமல் இருங்கோ. ஒராள் போறது காணும், ரெண்டு பேரும் போகவேண்டாம்."

அவ்வளவுதான். திரும்பிப் பாராமல் படியிறங்கிவிட்டான். அவள் பொய் சொன்னதில் கோபமா, அவளைக் காட்டிக்கொடுக்க முடியாத ரோஷமா? அன்றிரவு ஷ்லீரன் என்ற புறநகரில் தன் அறையில் ஞானேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாளும் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை, அவள் மீற்றர் இருக்கும் நிலக்கீழ் அறைக்குள் நுழைந்தாள். மோசரின் முன் பாலேந்திரன் நின்றான். தெரிந்த அரைகுறை டொச்சில், அந்த ஊர் ஜெர்மன் மொழியில், "நான்தான் செய்தது," என்றாள்.

"அவ சும்மா சொல்லுறா!" என்று பாலேந்திரனும் டொச்சில் குறுக்கே பாய்ந்தான்.

"நீங்கள் பேசாதேங்கோ!" அவனைத் தமிழில் அடக்கிவிட்டு மோசரிடம் திரும்பினாள். "நான் ஐந்து மணிக்கே வருகிறேன். ஒரு மாடியைத் துடைக்கும்போது அந்த மாடி ஹீற்றர் மட்டும். அடுத்த மாடிக்குப் போகுமுன் நிறுத்திவிடுவேன். ஆறரைக்கு எல்லாம் நின்றிருக்கும். பெண்களுக்கும் குளிராது."

மோசர் மீற்றரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கம்பனியோடு தானே பேசுவதாகச் சொன்னார். "திங்கட்கிழமை பார்ப்போம். தாண்டினால் இரண்டு பேருக்கும் வேலையில்லை."

திங்கள், ஆறே முக்கால். நாலாம் மாடித் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள் ஞானேஸ்வரி.

"ஏறுது... இன்னும் ஏறுது..." கீழிருந்து பாலேந்திரனின் குரல்.

"ஐயோ..."

"பொறுங்கோ... நிக்குது! கோட்டுக்குக் கீழை நிக்குது, ஞானம்!"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏன் அண்டைக்குக் கீழை வந்தனீங்கள்?" அவன் குரல் தணிந்தது. "உங்கடை வேலையும் எல்லோ போயிருக்கும்."

"நீங்கள் போயிடுவியளெண்டு... சோறு தண்ணி இறங்கேல்லை. விருப்பமில்லாத ஆளுக்காக ஆரும் அப்பிடி இருப்பினமோ?"

மறுமுனையில் சத்தமே இல்லை. சொல்லியிருக்கக்கூடாதோ? "ஹலோ... ஹலோ..."

படிகளில் தடதடவென்று ஓடிவரும் காலடிகள். மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றான் பாலேந்திரன்.

"ஐயோ, ஏன் வந்தனீங்கள்? முள்ளைப் பாருங்கோ!"

"அதை மோசர் பாக்கிறார். எனக்கு உங்களைப் பாக்கவேணும் போலை இருந்தது." அவள் கையிலிருந்த தொலைபேசியை வாங்கி வைத்தான். "ஞானம்... என்னைக் கட்டுறியளோ?"