கண்ணைத் திறக்கிற கேமரா

என் தம்பி ரயன் குடும்பத்தோட வந்து இறங்கினப்ப மணி மூணு. ஜொகூர்ல, லாயாங் லாயாங்ங்கிற சின்ன ஊரு ஸ்டேஷன் தாண்டி, ரயில் பாதை ஓரமா இருக்கிற பழைய பலகை வீடு அது. பட்டப்பகல்தான். ஆனா மழை கட்டிக்கிட்டு நின்னதுல, ஒத்தை டியூப் லைட் எரிஞ்சும் ஹாலுக்குள்ள ஆள் மூஞ்சி சரியாத் தெரியல. மெழுகுவத்தி வாசம், நனைஞ்ச குடை வாசம், அதுக்கு அடியில பழைய மருந்து வாசம். நடு ஹால்ல பெட்டி. பெட்டிக்குள்ள எங்க கெர்ட்ரூட் பெரியம்மா.

ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். இது பெரியம்மா செத்த கதை இல்ல. ரயன் மக சமந்தாவோட கண்ணைப் பத்தின கதை. ஆறு வயசுப் பிள்ளை. இடது கண்ணுல, கருமணிக்குப் பக்கத்துல, கடுகளவு ஒரு மச்சம் இருக்கும். பிறந்ததுல இருந்தே இருக்கு. அந்தக் கண்ணு அன்னிக்கு மூணரை மணி வரைக்கும் அவளோடதா இருந்துச்சு.

என் பேரு ஜோஆன். செனாய்ல ஒரு ஃபேக்டரியில சாமான் செக் பண்ற பிரிவுக்கு சூப்பர்வைசர். ஜோஆனுக்கு வாய் ஜாஸ்தின்னு குடும்பத்துல எல்லாரும் சொல்லுவாங்க. ஜாஸ்திதான். ஆனா அன்னிக்குத் தொறக்க வேண்டிய நேரத்துல நான் அந்த வாயைத் தொறக்கல. அந்த வயித்தெரிச்சல்தான் இப்ப இதைச் சொல்ல வைக்குது.

ரயனுக்கு வேலை யூடியூப். எந்தப் புது போன் வந்தாலும் தமிழ்ல பிரிச்சு மேய்ஞ்சிடுவான். அந்த வாரம் ஒரு கம்பெனி, கடைக்கு வர்றதுக்கு முன்னாலயே அவங்களோட பெரிய போனை அவனுக்கு அனுப்பியிருந்தாங்க. திங்கட்கிழமை காலையில வீடியோ போயாகணும். குளுவாங்ல இருந்து வர்ற வழியில ரெண்டு இடத்துல காரை நிறுத்தி, செம்பனைத் தோட்டத்தை ஜூம் பண்ணிப் பண்ணி எடுத்திருக்கான். சாவு வீட்டுக்கு வர்றவன் கையில பூமாலை இல்ல, போன்தான் இருந்துச்சு.

"இதுக்குள்ளயும் அதைத் தூக்கிக்கிட்டு வந்துட்டியா?"

"மூணு நாள்தான் கா இருக்கு. ஆளுங்க கூட்டமா நிக்கிற படம் இன்னும் ஒண்ணுகூட எடுக்கல லா" என்றான்.

எனக்கு எரிச்சலா வந்துச்சு. இருந்தாலும் அவனைத் திட்ட எனக்கும் தகுதி இல்ல. பெரியம்மா எங்கம்மாவுக்கு அக்கா. கல்யாணம் பண்ணிக்கல. எஸ்டேட் கிளினிக்ல ஆயா வேலை பார்த்து, அம்மா போனதுக்கப்புறம் எங்க ரெண்டு பேரையும் வளர்த்தது அவங்கதான். ரெண்டு வருஷத்துக்கு முன்ன அவங்க கண்ணுல பொரை விழுந்துச்சு. சின்ன ஆபரேஷன், அரை நாள் வேலைன்னு டாக்டர் சொன்னாரு. ரயன் கூட்டிட்டுப் போறேன்னான். ஞாயித்துக்கிழமை போன் பண்ணிக் கேப்பாங்க. "அடுத்த வாரம் பெரியம்மா, இப்பதான் ஒரு புது போன் வந்திருக்கு" என்பான். என்னைக் கேப்பாங்க. "எனக்கு ஷிஃப்ட் பெரியம்மா" என்பேன். ரெண்டு கண்ணும் தண்ணி கலந்த பால் மாதிரி ஆச்சு. சமந்தா போனா அவ மூஞ்சியைக் கையால தடவிப் பார்த்து, "இவ கண்ணு எப்படிடா இருக்கும்?"னு கேப்பாங்க. அதுக்கும் அடுத்த வாரம்தான் பதில்.

முந்தின நாள் அவங்க கண்ணை மூடிவிட்டது நான்தான். ரெண்டு தடவை திறந்துக்கிச்சு. மூணாவது தடவை உள்ளங்கையை வச்சு ரொம்ப நேரம் அழுத்திப் பிடிச்சேன்.

பெட்டியை மூடுறதுக்கு முன்ன குடும்பமே சுத்தி நின்னு ஒரு போட்டோ எடுக்கிறது எங்க எஸ்டேட் ஆளுங்க வழக்கம். வர முடியாத சொந்தக்காரங்களுக்கு அனுப்புறதுக்கு. முன்னெல்லாம் குளுவாங்ல இருந்து போட்டோகாரர் வருவாரு. இப்ப ரயன் இருக்கான்.

"எல்லாரும் கிட்ட கிட்ட நில்லுங்க. இந்தப் போன்ல யாரும் கண்ணை மூடவே முடியாது" என்றான் சத்தமா. "ஒரு தடவை அமுக்கினா ஏழு படம் எடுக்கும். ஒண்ணுல உங்க கண்ணு மூடியிருந்தா, இன்னொண்ணுல திறந்திருக்கிற கண்ணை எடுத்து ஒட்டிடும். நம்ம ஆளுங்கதான் சரியா அமுக்குறப்ப கண்ணை மூடுவோமே."

ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. சாவு வீட்ல சிரிச்சாங்க.

ரயன் பொண்டாட்டி தேன்மொழி என் கையைப் பிடிச்சா. "அக்கா, பிள்ளை வேணாமே. எங்க வீட்ல சின்னப் பிள்ளைங்களைப் பொணத்துக்கிட்ட விடமாட்டாங்க."

"உங்க வீட்டு வழக்கத்தை உங்க வீட்ல வச்சிக்கம்மா. பெரியம்மா வளர்த்த வீட்டுப் பிள்ளை இது" என்றேன். நான்தான் சொன்னேன். சமந்தாவை இழுத்து, பெரியம்மா தலைமாட்டுல, என் முன்னால நிறுத்தினேன்.

ரயன் அமுக்கினான். எடுத்த படத்தைப் பார்த்தான். அவன் முகம் ஒரு மாதிரி ஆச்சு.

"அக்கா, இங்க வாயேன்."

போய்ப் பார்த்தேன். அந்த இருட்டு ஹால்ல அவ்வளவு தெளிவா ஒரு படம் நான் பார்த்ததே இல்ல. பன்னெண்டு பேர். அத்தனை பேருக்கும் கண்ணு திறந்திருந்துச்சு.

பெரியம்மாவுக்கும்.

ஒரு கண்ணு மட்டும். இடது கண்ணு. பொரை இல்ல, பால் இல்ல, பளிச்சுனு இருந்துச்சு. ஏழு படத்துலயும் மூடிக் கிடந்த ஆளுக்குத் திறந்த கண்ணு எங்கிருந்து வரும்? ரெண்டு விரலால அதைப் பெரிசு பண்ணினேன்.

கருமணிக்குப் பக்கத்துல கடுகளவு மச்சம்.

படத்துல சமந்தாவைத் தேடினேன். அவ இடது கண்ணு வெள்ளையா இருந்துச்சு.

"சாஃப்ட்வேர் குழம்பிடுச்சு" என்றான் ரயன். "கிட்ட நின்ன மூஞ்சியில இருந்து மாத்தி எடுத்துக்கிச்சு போல." சொல்லிக்கிட்டே இருக்கிறப்ப அவன் மூஞ்சியில ஒரு வெளிச்சம் வந்துச்சு. "அலமாக்! இந்தக் கோளாறை வேற எவனும் கண்டுபிடிச்சிருக்க மாட்டான் கா. மறுபடி வருதான்னு பாக்கணும். மூணு தடவை வந்தாத்தான் கோளாறுன்னு அடிச்சுச் சொல்ல முடியும்."

அங்கதான் நான் அவன் கன்னத்துல ஒண்ணு விட்டிருக்கணும். ஆனா எங்க ஃபேக்டரியிலயும் அதுதான் ரூல். ஒரு பீஸ்ல பழுது தெரிஞ்சா அதை ஓரமா வச்சிட்டு, அதே மாதிரி மூணு வந்தாத்தான் எழுதுவோம். பதினெட்டு வருஷப் பழக்கம். தலையை ஆட்டிட்டுப் போய் என் இடத்துல நின்னேன்.

சமந்தா இடது கண்ணைக் கசக்கிக்கிட்டு இருந்தா.

"கசக்காத. அப்பாவைப் பாரு."

ரெண்டாவது தடவை அமுக்கினான்.

"அத்தை" என்றா மெதுவா. "ஏன் லைட்டை அடைச்சிட்டீங்க?"

நான் மேல பார்த்தேன். பெட்டிக்கு நேர் மேல டியூப் லைட் எரிஞ்சிக்கிட்டுதான் இருந்துச்சு.

"ரெண்டு கண்ணும் வந்திடுச்சு கா!" ரயன் குரல் நடுங்குச்சு. பயத்துல இல்ல, சந்தோஷத்துல. "இன்னும் ஒண்ணே ஒண்ணு. அசையாம நில்லுங்க."

சமந்தா திரும்பி என் இடுப்பைக் கட்டிக்கிட்டா. அழல. கையால என் முகத்தைத் தேடினா. பெரியம்மா தடவிப் பார்ப்பாங்களே, அதே மாதிரி. அப்பவும் அவளைத் தோளைப் பிடிச்சு முன்பக்கமாத் திருப்பினேன். "அசையாத செல்லம். முடிஞ்சிடுச்சு" என்றேன்.

மூணாவது.

போனை ரயன் என் பக்கமா நீட்டினான். அந்தப் படத்துல மத்த எல்லாரும் கேமராவைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. பெரியம்மா பாக்கல. தலை நேரா இருந்துச்சு, கண்ணு மட்டும் ஓரமா ஒதுங்கி, பக்கத்துல நின்ன சமந்தா முகத்தைப் பார்த்துச்சு. ஆசை தீரப் பாக்குற மாதிரி.

நான் போனை விட்டுட்டுப் பெட்டிக்குள்ள குனிஞ்சேன்.

கண்ணு மூடித்தான் இருந்துச்சு.

ஆனா இமைக்கு அடியில உருண்டுச்சு. இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

வேற யாரும் குனியல. ஜெபம் பண்ண வந்திருந்த சர்ச் ஃபாதர் வாட்ச்சைப் பார்த்தாரு. பெட்டிக்காரங்க மூடியைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னாங்க. "நிறுத்துங்க"ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேணும். என்னன்னு சொல்றது, பைத்தியம்னு நினைப்பாங்களேன்னு சொல்லல. நான் விலகி வழி விட்டேன். மூடியை வச்சு ஒவ்வொரு ஸ்குரூவா முடுக்கினாங்க.

கல்லறைத் தோட்டத்துல மழை தூறுச்சு. தேன்மொழி தோள்ல சமந்தா. கண்ணை அகலமாத் திறந்து வச்சிருந்தா, மழைத்துளி விழுந்தும் சிமிட்டல.

"அம்மா, மேல பலகை இருக்கு."

"பலகை எங்கம்மா இருக்கு? வானம்தானே இருக்கு."

"இல்லம்மா. மூக்குக்கு மேலயே இருக்கு."

பெட்டியைக் கயித்துல இறக்கினாங்க. முதல் பிடி மண்ணை ஃபாதர் போட்டாரு. அது பெட்டி மேல விழுந்த சத்தத்துக்கு சமந்தா உடம்பு தூக்கிப் போட்டுச்சு. ரெண்டாவது பிடி. மறுபடியும். கூட்டத்துல வேற யாரும் அவளைக் கவனிக்கல. தேன்மொழி கவனிச்சா. பிள்ளை முகத்தையும் குழியையும் மாத்தி மாத்திப் பார்த்தா.

"தொறங்க!" அப்படி ஒரு சத்தத்தை நான் இதுவரைக்கும் கேட்டதில்ல. "பெட்டியைத் தொறங்க! என் பிள்ளை உள்ள இருக்கா!"

பிள்ளையைத் தோள்ல வச்சிக்கிட்டே கத்தினா. எல்லாரும் பாவமாப் பார்த்தாங்க.

ரயனுக்குப் புரிஞ்சிடுச்சு. போனை எடுத்து அந்த மூணு படத்தையும் அழிச்சான். "அழிக்காதடா, இரு"ன்னு நான் கத்தறதுக்குள்ள மூணும் போயிடுச்சு. சமந்தாகிட்ட ஓடி வந்து, "இப்பத் தெரியுதா? அப்பா தெரியுதாம்மா?"ன்னு கேட்டான்.

"இருட்டா இருக்குப்பா. மண்ணு வாசம் வருது."

அவன் குழிக்குள்ள குதிச்சு வெறுங்கையால மண்ணைத் தள்ளினான். நாலு பேர் சேர்ந்து அவனை இழுத்து வெளிய போட்டாங்க. பாசக்காரப் பிள்ளைன்னு ஒரு கிழவர் கண்ணைத் துடைச்சிக்கிட்டாரு. அப்புறம் அவங்க வேலையைப் பார்த்தாங்க. குழி நிரம்புற வரைக்கும் தேன்மொழி கத்திக்கிட்டே இருந்தா. நான் ரயனை அறைஞ்சேன். ரெண்டு தடவை. எந்தப் பிரயோஜனமும் இல்ல.

ஜொகூர் பாருவுல மூணு கண் டாக்டர்கிட்டப் போனோம். கண்ணு நல்லா இருக்கு, நரம்பு நல்லா இருக்கு, வெளிச்சம் அடிச்சா கருமணி சுருங்குது, எங்க கோளாறுன்னே தெரியலன்னு மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க. போனைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிட்டான் ரயன். பெட்டியைத் தோண்டி எடுக்க எங்கெங்கயோ அலைஞ்சான். என்ன காரணம்னு எழுதுறதுன்னு எல்லா இடத்துலயும் கேட்டாங்க. எழுத முடியல.

சமந்தா சொல்லிக்கிட்டே இருப்பா. முதல் வாரம், துணி ஈரமா இருக்குன்னா. ரெண்டாவது வாரம், ஏதோ சின்னச் சின்னதா கன்னத்துல ஊறுதுன்னா. தேன்மொழி அவ கன்னத்தைத் துடைச்சிக்கிட்டே இருப்பா. அங்க ஒண்ணும் இருக்காது. துடைச்சுத் துடைச்சுப் பிள்ளை கன்னம் புண்ணாப் போச்சு.

போன சனிக்கிழமை மத்தியானம் அவளுக்கு நான் சோறு ஊட்டினேன். அவளும் நானும் மட்டும்தான் வீட்ல. ஒரு வாய் ஊட்டிட்டுத் தண்ணி எடுக்க எழுந்தேன். அவ கண்ணு என் கூடவே வந்துச்சு. இடது பக்கம் நகர்ந்தேன், வந்துச்சு. வலது பக்கம் நகர்ந்தேன், வந்துச்சு. சந்தோஷத்துல தண்ணியை மறந்து அவ முன்னால வந்து உக்காந்தேன்.

"சமந்தா! அத்தையைத் தெரியுதா?"

"இல்ல அத்தை. பலகைதான் தெரியுது."

அப்படிச் சொல்றப்பவும் அந்தக் கண்ணு என் மூஞ்சியை விட்டு நகரல. நெத்தி, மூக்கு, நரைச்ச முடி, ஒவ்வொண்ணா நின்னு நிதானமாப் பார்த்துச்சு. அப்புறம் ஹாலைப் பார்த்துச்சு. சன்னலைப் பார்த்துச்சு. ரெண்டு வருஷமா நாங்க காட்டாததை எல்லாம் பார்த்துச்சு.

என்னால தாங்க முடியல. அவளைப் படுக்க வச்சு, "தூங்கு செல்லம்"னு சொல்லி, ஒரு கைலேஞ்சியை மடிச்சு அவ கண்ணைக் கட்டினேன்.

உடனே மூச்சு முட்ட ஆரம்பிச்சா. ரெண்டு கையையும் மேல தூக்கி எதையோ தள்ளினா. காத்துல, ஒண்ணுமே இல்லாத இடத்துல, உள்ளங்கை ரெண்டும் தட்டையா நின்னுச்சு. அதுக்கு மேல போகல.

"அவுத்துடுங்க அத்தை! கட்டினா பலகை கீழ வருது!"

"அத்தை இருக்கேன்டா செல்லம், அத்தை இருக்கேன்..."

"அவுத்துடுங்க! எனக்கு இல்ல அத்தை. அவங்கதான் பாக்கணுமாம்."

அவுத்தேன். அவ கை தொப்புனு கீழ விழுந்துச்சு, மூச்சு சீராச்சு. கண்ணு ரெண்டும் திறந்து, நேரா என்னைப் பார்த்துச்சு. நான் கைலேஞ்சியைக் கையில வச்சிக்கிட்டு அங்கயே நின்னேன். சமந்தா அன்னிக்குத் தூங்கல, இன்னி வரைக்கும் தூங்கல.