மேசையைத் தட்டிய குரல்

குடவாசல் ஸ்டேஷனில் மருதையனை அடைத்து வைத்திருந்தார்கள். விடிந்தால் கோர்ட்டு, பிறகு ஜெயில். கூலிப் போராட்டத்தில் முன்னால் நின்றவன், மிராசுதார் குஞ்சிதபாதத்தின் களத்தில் கதிர் அடிக்காமல் கிடந்த நெற்போரைக் கொளுத்திவிட்டான் என்று வழக்கு.

அவன் மனைவி காத்தாயி, ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணுவைத் தேடி வந்தாள். "அவரு எங்கூடத்தாங்க இருந்தாரு. யாரோ இங்கிலீசுல போன் பண்ணி மாட்டிவிட்டுட்டாங்க."

துரைக்கண்ணு, வக்கீல் குமாஸ்தா இராஜாங்கத்தையும் அழைத்துக்கொண்டு களத்துக்குப் போய்ச் சாம்பலைக் கிளறினார். வைக்கோல் சாம்பல்தான். கருகிய நெல் ஒன்றுகூட இல்லை.

ஸ்டேஷனில் அந்தப் போனை எடுத்த ஏட்டையா, பேசியது யாரோ மேலதிகாரி என்று நம்பியிருந்தார். வெள்ளைக்காரன் போல ஏற்றி இறக்கிப் பேசினாராம். லைன்தான் சரியில்லை, டொக் டொக்கென்று சத்தம்.

"அப்ப லண்டன்ல படிச்ச மிராசுதார் மகன் தியாகராசன்தான் சார்," என்றான் இராஜாங்கம். "இங்கிலீஷ் வார்த்தையில அழுத்தம் விழுற இடம் நம்ம ஆளுங்களுக்கு வராது. ஃபோட்டோகிராஃப்னா முதல் அசை. ஃபோட்டோகிராஃபர்னா ரெண்டாவது." சொல்லும்போதே அந்தந்த அசைக்கு டீ கிளாஸை விரலால் தட்டினான்.

துரைக்கண்ணு அந்த விரலையே பார்த்தார். அவனுடன் இங்கிலீஷ் படித்தவர்கள் யார் என்று விசாரித்தார்.

மாலையில் அவர் சொல்லி அனுப்பியதில் தியாகராசனும், களத்துப் பொறுப்பிலிருந்த காரியஸ்தர் துரைராசுவும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். சுவரிலிருந்த ஆங்கில அறிவிப்பை வாசிக்கச் சொன்னார் துரைக்கண்ணு. தியாகராசன் பாக்கெட்டில் கைவிட்டபடி கடகடவென்று வாசித்தார். துரைராசு தட்டையாக இழுத்தார்.

தியாகராசன் சிரித்தார். "நம்ம காரியஸ்தருக்கு அவ்வளவுதாங்க வரும்."

துரைராசுவின் முகம் கறுத்தது. மறுபடி வாசித்தார். இப்போது ஒவ்வொரு அழுத்தமும் கச்சிதமாக விழுந்தது. கூடவே மோதிர விரல் மேசையைத் தட்டியது. ஏட்டையா சட்டென்று நிமிர்ந்தார்.

"கையைக் கட்டிக்கிட்டு வாசிங்க," என்றார் துரைக்கண்ணு.

கை நின்றது. இரண்டு வார்த்தை தடுமாறியது. பிறகு மேசைக்கு அடியில் செருப்பு தட்டத் தொடங்கியது.

"போன்ல கேட்ட சத்தந்தாங்க," என்றார் ஏட்டையா.

"லண்டன்ல பேசிப் பழகினவருக்குத் தாளம் வேண்டாம்," என்றார் துரைக்கண்ணு. "இராஜாங்கத்துக்கும் உங்களுக்கும் வாத்தியார் ஒருத்தர்தான். அழுத்தத்துக்கு ஒரு தட்டுன்னு பழக்கிட்டார். நெல்லை முன்னாடியே அடிச்சுக் கடத்திட்டு, வைக்கோலைப் போராக் குவிச்சு நீங்களே கொளுத்தினீங்க. பழி போட, கொடி பிடிச்சவன் இருந்தான்."

துரைராசு ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினார். செருப்பு மறுபடி தட்டியது. பாதியில் நிறுத்திக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"மீதியைத் தமிழ்லயே சொல்லுங்க," என்றார் துரைக்கண்ணு.

வாசலில் நின்ற காத்தாயியை ஒருமுறை பார்த்துவிட்டு, ஏட்டையா லாக்கப் சாவியைத் தேடி எடுத்தார்.