ரவை படாத இடம்

தாளின் வலது ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் ஒரு ரவைகூடப் படவில்லை.

ஆர்லிஸ் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதிதாக ஒரு துப்பாக்கி கைக்கு வந்தால், சுடும் மைதானத்தின் கோடியில் நாற்பது கஜத் தூரத்தில் வெள்ளைத் தாளை ஒட்டி ஒரு தோட்டா சுட்டுப் பார்ப்பார்கள். தோட்டாவுக்குள் இருக்கும் ஈய ரவைகள் எப்படிப் பரவுகின்றன என்பது அப்போதுதான் தெரியும். தாள் முழுக்க நூற்றுக்கணக்கான ஓட்டைகள். ஓரத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் வெள்ளை.

"எல்லாத் துப்பாக்கிக்கும் எங்கயாவது ஒரு சொட்டை இருக்கும், என் தலை மாதிரி" என்றார் துப்பாக்கிக் கடைக்காரர் மெர்ல். "குழல் முனையில இருக்கிற வளையத்தக் கழட்டிட்டு இந்த வேற வளையத்தத் திருகிப் போட்டுச் சுடு. சரியாயிடும்." சொல்லிவிட்டுக் காபி குடிக்கக் கடைக்குள் போய்விட்டார்.

அவர் சொன்னதைக் கேட்டுத்தான் இந்தத் துப்பாக்கியையே வாங்கியிருந்தாள். போன வாரம் பக்கத்துப் பண்ணையான ஹெக்லண்ட் வீட்டில் பட்டப்பகலில் கதவை உடைத்துத் திருடிவிட்டார்கள். கணவன் டுவேன் லாரியோடு போனால் திரும்பப் பத்து நாள் ஆகும். சோளக்காட்டு நடுவே தனி வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் வானில் எறியும் களிமண் தட்டுகளைச் சுட்டு விளையாடவும் ஆக வேண்டும், வீட்டுக்கும் காவலாக இருக்க வேண்டும். இரட்டைக் குழலில் இரண்டு தோட்டாதான். தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியைத் துடைத்துத் துடைத்து வைக்க வேண்டும். மெர்ல் சுவர்ப் பலகையிலிருந்து, முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் இந்தப் பழைய பம்ப் துப்பாக்கியை எடுத்து நீட்டினார்.

"கண்ண மூடிக்கிட்டுத் தோள்ல வை. இப்பத் திற."

குழல் நுனியில் குறிபார்க்க வைத்திருந்த மணி அவள் கண்ணுக்கு நேராக நின்றது. அளவெடுத்துச் செய்தது போலிருந்தது.

"இருட்டுல இத ஒரு இழுப்பு இழுத்துத் தள்ளு. அந்தச் சத்தத்துக்கே திருடன் பேன்ட்ட நனைச்சுக்கிட்டு ஓடுவான். சுடவே வேண்டாம்."

"அப்புறம் ஏன் முன்னாடி வாங்கினவரு ரெண்டே வாரத்துல திருப்பிக் குடுத்தாரு?"

"எது மேலயும் படலையாம். குறி பாக்கத் தெரியாத ஆளு, துப்பாக்கியக் குத்தம் சொன்னாரு."

இப்போது மைதானத்தில் வளையத்தை மாற்றி, புதுத் தாளில் சுட்டாள். வெற்றிடம் ஒரு தட்டு அளவுக்குப் பெருத்து, நடுவை நோக்கி நகர்ந்திருந்தது. பழைய வளையத்தையே போட்டு மறுபடி சுட்டாள். மூன்றாம் தாளில் விளிம்புகளில்தான் ஓட்டைகள் இருந்தன. இதுவும் சொட்டை என்றால் தலையில் மயிரே இல்லை என்று அர்த்தம். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. டுவேன் வந்ததும் காட்டலாம் என்று தாள்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. வெளிக்கதவைப் பூட்டி, துப்பாக்கிக்குள் ஐந்து தோட்டாக்களைத் தள்ளி, முன்பிடியை இழுத்துத் தள்ளினால்தான் தோட்டா குழலுக்குள் ஏறும்படி அடுப்போரமாகச் சாய்த்து வைத்தாள். அந்த ஊரில் எல்லோரும் வைப்பது அப்படித்தான். பிறகு சமையலறை மேசையில், தொங்கும் விளக்கின் கீழ், மூன்று தாள்களையும் வரிசையாக விரித்தாள். தாள்களில் கந்தக வாடை. கூடவே, நனைந்த மண்ணைக் கிளறினால் வருவது போன்ற ஒரு வாடை. குளிர்ப்பெட்டி உறுமி நின்றது. அதன் பிறகு வீட்டில் சத்தமே இல்லை.

மூன்றாம் தாளின் சுருளை நீவக் கையை நீட்டியபோது அவள் கையின் நிழல் அதன் மேல் விழுந்தது. கையை விளக்குக்குப் பக்கத்தில் தூக்கினாள். நிழல் பெருத்தது. இன்னும் தூக்கினாள். வெற்றிடத்தின் மேல் அது கச்சிதமாகப் பொருந்தியது. நான்கு விரல்கள். ஒரு கட்டைவிரல்.

விரலால் முதல் தாளைத் தடவினாள். அதிலும் ஐந்து விரல்கள், சிறிதாக. தூரத்தில், தாளின் பக்கம் எவரோ நின்று, துப்பாக்கியை நோக்கி நிறுத்து என்பது போல உள்ளங்கையைக் காட்டியிருக்கிறார்கள். இரண்டாம் சூட்டின்போது குழலுக்குக் கிட்டே வந்திருக்கிறார்கள். மூன்றாவதில் இன்னும் கிட்டே.

அந்த மைதானத்தில் அவளைத் தவிர யாருமே இருக்கவில்லை.

நடைவழியில் தரைப்பலகை ஒன்று முனகியது.

துப்பாக்கியை எடுத்துக்கொண்டாள். சமையலறை வாசலில் நின்று நடைவழியின் இருட்டைப் பார்த்தாள்.

"யாரு? துப்பாக்கி இருக்கு!"

இழுத்துத் தள்ளினாள். அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. இந்தச் சத்தத்துக்குத் திருடன் ஓட வேண்டும். மெர்ல் சொன்னாரே.

பலகை முனகியது. பக்கத்தில்.

இன்னொன்று. இன்னும் பக்கத்தில்.

சுடக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு சூட்டுக்கும் அது இன்னும் நெருங்குகிறது. ஆனால் பயம் விரலில் இருந்தது.

சுட்டாள்.

காது அடைத்தது. தோளால் சுவர்ப் பொத்தானைத் தடவி நடைவழி விளக்கைப் போட்டாள். காலி நடைவழி. பத்தடியில், எதிர்ச்சுவரில், மாமியார் ஒட்டிய பூப்போட்ட காகிதம். நடுவில் கல்யாணப் போட்டோ. கண்ணாடி கீறல்கூட விழவில்லை. சுவரில் ஓட்டை இல்லை. ஒன்றுகூட இல்லை.

குழலைத் தாழ்த்தப் பார்த்தாள். தாழவில்லை. பின்னால் இழுத்தாள். வரவில்லை.

குழலின் வாயிலிருந்து புகை கிளம்பியது. நேராக வரவில்லை. விரல் இடுக்குகளில் கசிவது போல, நான்கு மெல்லிய கோடுகளாகப் பிரிந்து வந்தது.