எண்ணக்கூட்டில் ஒரு மின்விசிறி

கம்பளி சுற்றிய பனிக்கட்டி உருகியதோடு நிற்காமல் கொதிக்கவே ஆரம்பித்துவிட்டது. வெளியே திரையில் பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர் கோதண்டபாணி தலையில் கைவைத்துக்கொண்டார். உள்ளே மாணவி யாஸ்மினோ நிம்மதியாக நின்றிருந்தாள். பக்கத்தில் சுற்றாமல் வைத்திருந்த கட்டி அப்படியே இருந்தது.

எண்ணக்கூடு என்ற இந்தக் கருவி வந்த பிறகு வெப்பப் பரிமாற்றத் தேர்வுக்கு வினாத்தாள் கிடையாது. தலைப்பட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனால், போனவர் மனதார எதை நம்புகிறாரோ அப்படியே அந்தப் பொய்யுலகம் நடந்துகொள்ளும். சூத்திரங்களை உருப்போட்டே காலம் தள்ளியவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

"என்னம்மா, கம்பளிக்குள்ள அடுப்பா வச்சிருக்கு?" என்றார், அவள் வெளியே வந்ததும்.

"கண்ணால பாத்தேனே சார். கம்பளி சூடுதானே?"

அவளுக்கு அழுகை முட்டியது. இந்த ஒரு அரியரைத் தாண்டினால்தான் ஓசூரில் கிடைத்த வேலை நிலைக்கும்.

"நான் போய்க் காட்டறேன், பாரு."

கோதண்டபாணி பட்டையை மாட்டிக்கொண்டு நுழைந்தார். கம்பளிக்குள் கட்டி கல்லாக இருந்தது. வெளியில் வைத்தது தண்ணீராகிவிட்டது. புழுக்கம் தாங்காமல், மூடிய அந்த அறையில் மின்விசிறியையும் போட்டுவிட்டு ஹாயாக நின்றார். சுவரிலிருந்த வெப்பமானி மளமளவென்று இறங்கியது.

வெளியே வந்தவரிடம் யாஸ்மின் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார், தெர்மாமீட்டர் எப்படி இறங்குச்சு?"

"ஃபேன் போட்டா ரூம் குளிராதா?"

"அது இருக்கற காத்தைத்தானே சார் சுத்தி விடுது? நமக்கு வேர்வை காயுது, ஜில்லுன்னு இருக்கு. தெர்மாமீட்டருக்கு வேர்க்காதே."

சொன்ன வாயோடு அவளே திகைத்து நின்றாள். கம்பளியும் அப்படித்தானே? அதற்கென்று சொந்தச் சூடு ஏது? நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் வெளிச்சூட்டையும் லேசில் உள்ளே விடாது.

"இன்னொரு தடவை போகட்டுமா சார்?"

இம்முறை கம்பளிக்குள் கட்டி கரையவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

மதிப்பெண்ணை உறுதிசெய்ய கோதண்டபாணி விரல் வைத்தார். கூடு ஏற்க மறுத்தது. உள்ளே போய்வந்த யாரையும் அது மதிப்பிடாமல் விடுவதில்லை. மின்விசிறிக்காக அவர் பெயருக்கு நேரே சிவப்பு. தேறாதவர் பிறருக்கு மதிப்பெண் போடக் கூடாது என்று விதி. அதைப் பிடிவாதமாகக் கொண்டுவந்தவரே அவர்தான். இந்தப் பாடத்துக்கு வேறு தேர்வாளரும் இல்லை. ஆசிரியர்களுக்கு மறுதேர்வு திங்கட்கிழமைதான்.

"இப்ப என்னம்மா பண்றது?"

"நீங்க பாஸானாத்தான் சார் நான் பாஸ்." யாஸ்மின் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. மொதல்ல உங்க மனசுல ஓடற அந்த ஃபேனை நிறுத்துவோம்."